சண்டிகர் ரோஜாத் தோட்டம்

இந்நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள், மாசி மாதத்து ஞாயிறொன்றில் 16-ஆம் செக்டார் ரோஜாத் தோட்டத்திற்குச் சென்று வாராதவை அரியவை. ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு நாம் முதலில் காட்டுவதும் அதனையே. ஆயினும், அது எத்தகைய வேளையில் தோன்றியது என்பதை எண்ணுவோர் நம்மிடையே சிலரே.

மொகலாயர்க்கு ரோஜா மீதிருந்த காதல் பெரிது. பாபரின் புதல்வியர் பெயர்கள் குல்பதன், குல்ரங், குல்சிஹ்ரா என்பன. பாரசீகத்தில் 'குல்' என்பது இம்மலரே. நாம் கடைத்தெருவில் கேட்கும் 'குலாப்' என்னும் சொல் முதலில் பன்னீரையே குறித்தது. நம் நகரை அடுத்த பிஞ்ஜோரில் 17-ஆம் நூற்றாண்டில் பிதாய் கான் அமைத்த அழகிய தோட்டத்தை நம்மில் பலர் கண்டிருப்பர். அதன் உயர்ந்த மதிலையும் கவனித்திருப்பர். அந்நாளில் தோட்டம் என்பது மதிலுக்குள் வாழ்வோர்க்கு உரிய பொருள்.

1947-இல் நாடு பிரிந்தது. பஞ்சாப் தன் தலைநகராகிய லாகூரை இழந்தது. அவ்விழப்பை ஈடு செய்யவே சண்டிகர் எழுந்தது. அகதிகளாக வந்தோர்க்கு நிலமும் வாழ்வும் தேடித் தரும் பெரும் பணியில் முன்னின்ற அதிகாரிகளுள் ஒருவர் எம். எஸ். ரந்தாவா. அவர் ஐ.சி.எஸ். அதிகாரி மட்டுமல்லர், தாவரவியல் அறிஞரும் ஆவார். இந்நகரின் சாலைகளில் எந்த மரம் எப்போது பூக்க வேண்டும் என்பது வரை சிந்தித்தவர். (அலுவலகக் கோப்புகளிடையே இத்தகைய மனம் வாடாதிருந்தது வியப்பே.)

1966 நவம்பர் 1-ஆம் நாள் பஞ்சாப் மீண்டும் பிரிந்து அரியானா பிறந்தது. சண்டிகர் யாருக்கு என்ற வழக்கு மூண்டது. நகரம் மத்திய அரசின் நேராட்சிக்கு வந்தது. இரு மாநிலங்களுக்கும் அதுவே தலைநகராயிற்று. முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றவர் ரந்தாவா. அடுத்த ஆண்டே, 1967-இல், ஏறத்தாழ 30 ஏக்கரில் ரோஜாத் தோட்டம் உருவாயிற்று. ரோஜாப் பிரியரான குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேனின் பெயரை அது தாங்குகிறது. உரிமை வழக்கு இன்றும் தீரவில்லை. தோட்டத்தில் உலவுவோரை மட்டும் எம்மாநிலத்தார் என்று எவரும் கேட்டதில்லை. இரண்டிலும் சேராத நாமும் அங்கே அயலாராக நின்றதில்லை.

ரோஜாக்களோடு வில்வம், தான்றி, கடுக்காய் முதலிய மருந்து மரங்களும் அங்குண்டு. நம் பாட்டிமார் அம்மரங்களின் அடியிலேயே நெடுநேரம் நின்றுவிடுவர்! ரோஜாச் செடிகளோ, நாட்டு வேர்ச்செடியில் கண்ணொட்டு முறையால் உயர்வகையின் மொட்டைப் பொருத்தி வளர்க்கப்படுபவை. ஐப்பசி வாக்கில் தோட்டக்காரர் கிளைகளைக் கடுமையாக வெட்டுவதைக் கண்டு நம் குழந்தைகள் வருந்துவதுண்டு. அவ்வெட்டின் பயனே தையிலும் மாசியிலும் காணும் மலர்ச்சி.

பூவைக் கண்டால் கூந்தலுக்கென்று கை நீட்டுவது நம் பெண்டிர் இயல்பு. இங்கோ பறித்தல் கூடாது. செடியிலேயே மலர்ந்து, செடியிலேயே உதிரும் பூவைக் காணும் வழக்கம் நமக்கு இவ்வூரில் வந்ததுதான்.

உதகையிலும் 1995-இல், மலர்க்காட்சியின் நூற்றாண்டு நினைவாக, அரசு ரோஜாப் பூங்கா அமைந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் அதனையும் கண்டு வரலாம். இங்கே செடிகள் வெயிலில் வதங்கி நிற்கும் அந்நாட்களில், அங்கே மலர்கள் நிறைந்திருக்கும்.