வலம்புரிச் சங்கும் அதன் போலியும்

காஞ்சிரங்குளம், பூவாறு, பாறசாலை ஆகிய ஊர்ப்புறங்களினின்று கடல் கடந்து குடியேறிய நம்மவர்க்குச் சங்கு புதிய பொருளன்று. திருவிதாங்கூர் அரசு 1888ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட முத்திரைத் தலைகளில் பொறிக்கப்பட்டது சங்கே. அந்நாட்டுச் செப்புக் காசுகளிலும் அதனைக் காணலாம். (அந்நாட்டுக் கடிதத் துறையின் பெயர் 'அஞ்சல்' என்பது, இன்று தமிழுலகம் முழுவதும் வழங்கும் சொல் அது.) 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கேரள அரசின் இலச்சினையிலும் சங்கு தொடர்கின்றது.

இத்தகைய பற்றுடைய நாம் வலம்புரி என்று கேட்டவுடன் விலை பாராது வாங்கிவிடுகின்றோம். அங்கேதான் ஏமாற்றம் நேர்கின்றது.

சங்கு என்பது கடலடி மணலில் புழுக்களை வேட்டையாடி உண்ணும் ஒரு நத்தையின் கூடு. உயிரோடு இருக்கையில் பழுப்பு நிறத் தோல் போர்த்திருக்கும். அதனை நீக்கிய பின்னரே நாம் போற்றும் வெண்மை வெளிப்படும். 1767இல் லின்னேயசு இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். 1798இல் ரோடிங் என்பார் இதன் இனத்திற்கு 'சாங்கசு' எனப் பெயரிட்டார். நம் 'சங்கு' இலத்தீன் உடை புனைந்த கோலம் அது. பின்னர் அப்பெயர் தள்ளப்பட்டு 'டர்பினெல்லா' நிலைபெற்றது நமக்குச் சிறிது வருத்தமே. இச்சங்கின் வரலாற்றையும் வணிகத்தையும் சென்னை மீன்துறையைச் சார்ந்த சேம்சு ஆர்னெல் 1914இல் தனி நூலாகவே எழுதினார்.

இவ்வினத்திற் பிறப்பன ஏறத்தாழ அனைத்தும் இடம்புரியே. வலம்புரி இயற்கையின் அரிய பிறழ்ச்சி. 1887இல் யாழ்ப்பாணத்தில் ஒரு வலம்புரி எழுநூறு ரூபாய்க்கு விற்றதாகக் குறிப்புண்டு. அந்நாளில் அது பெருந்தொகை. மேனாட்டு நூல்கள் இதனை 'இடச்சுற்று' என்று கூறுவது கண்டு மயங்க வேண்டா. அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கின்றனர். அப்போது வாய் இடப்புறம் அமையும். நாம் நீர் வார்க்கும் மூக்கை மேலே வைத்துப் பார்க்கின்றோம். வாய் வலப்புறம் வந்துவிடும். பொருள் ஒன்று, பிடிக்கும் முறை இரண்டு.

இனிப் போலிக்கு வருவோம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் 'லைட்னிங் வெல்க்' என்னும் வேறொரு நத்தை வாழ்கின்றது. சிப்பிகளைப் பிடித்துண்ணும் அந்த இனம் இயல்பாகவே வலம்புரியாகச் சுருள்வது. அங்கு அது அரும்பொருளன்று. 1987இல் டெக்சாசு அதனைத் தன் மாநிலச் சங்காக ஏற்றது. அதன் கூட்டைத் தேய்த்து மெருகேற்றிக் கப்பலேற்றினால் இந்தியக் கடைகளில் 'வலம்புரி' ஆகிவிடுகின்றது. டெக்சாசில் வாழும் தமிழர் ஒருவர் தம் ஊர்க் கடற்கரைப் பொருளையே விடுமுறையில் இந்தியா சென்று பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிவரவுங் கூடும்!

அரிசியில் புதைத்துப் பார்த்தல், காதில் வைத்து ஒலி கேட்டல் போன்ற சோதனைகளால் பயனில்லை. எந்தச் சங்கைக் காதில் வைத்தாலும் இரைச்சல் கேட்கும். வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்த்தலே தக்க வழி. நம் சங்காயின் மூன்று அல்லது நான்கு வரம்புகள் தண்டைச் சுற்றி ஓடுவது விரலுக்குத் தட்டுப்படும். வெல்க்கின் தண்டு வழுவழுப்பாக இருக்கும். அதன் தோள்வரிசையில் முடிச்சுகளோ, அவற்றைத் தேய்த்த தடமோ தென்படலாம். கையிலெடுத்தால் நம் சங்கினும் கனம் குறைந்தது. வாங்கப் போகுமுன் வீட்டிலுள்ள இடம்புரியிலேயே அவ்வரம்புகளைத் தடவிப் பழகிக்கொள்ளலாம். சுருளின் திசை வேறாயினும் வரம்புகள் இரண்டிற்கும் உண்டு.