கடலுக்கடியில் 500 வருஷமாகக் கிடந்த மிளகு... மூழ்கிய கப்பல்களை ஏன் விடாமல் தேடுகிறார்கள்?

தேனி மாவட்டம் போடி பக்கம் ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். கடல் வாடையே அடிக்காத ஊர். ஆனால், அந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் மிளகுக்கும் ஐரோப்பியக் கடல்களில் மூழ்கிய கப்பல்களுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு.

மூழ்கிய கப்பல்னு சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது தங்கப் புதையல்தான். 1708ல் மூழ்கி, 2015ல் கொலம்பியா கடலில் கண்டுபிடிக்கப்பட்ட ‘சான் ஜோஸ்’ கப்பலின் தங்கம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை உலகம் அறிந்தது. ஆனால் தொல்லியலாளர்களுக்கு ஒரு பிடி மிளகு கிடைத்தாலும் அது புதையல்தான்.

கொச்சியில் கிளம்பிய ‘மிளகுக் கப்பல்’

‘நோசா சென்யோரா தோஸ் மார்ட்டிரஸ்’ என்ற போர்ச்சுகீசியக் கப்பல், 1606 ஜனவரியில் மிளகை ஏற்றிக்கொண்டு கொச்சியில் இருந்து கிளம்பியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு லிஸ்பன் போய்ச்சேரவே செப்டம்பர் ஆகிவிட்டது. கடைசியில் ஊர் வாசலிலேயே, தேஜோ ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பாறையில் மோதி உடைந்தது. எட்டு மாசக் கடலைத் தாண்டி வந்த கப்பலை வாசல்படி தடுக்கிவிட்டது!

கடலில் மிதந்து வந்த மிளகை அள்ள கரையில் கூட்டம் கூடியது. 1990களில் அங்கே அகழாய்வு நடந்தபோது, கப்பலின் அடிமரங்களோடு மிளகும் படலமாகக் கிடந்தது. சீனப் பீங்கான்களும், சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்கும் கருவிகளும் கூடவே கிடைத்தன. இன்றைக்கும் அதற்குப் பெயர் ‘மிளகுக் கப்பல்’தான்.

இத்தனை வருஷம் எப்படி அழுகாமல் இருந்தது?

சேறுதான் காரணம். கடலடிச் சேற்றுக்குள் புதைந்த பொருளுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் அங்கே வேகமாக வேலை செய்ய முடியாது.

பால்டிக் கடலில் இன்னொரு வசதி. உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுக்கள் அங்கே பெருகுவதில்லை. டென்மார்க் மன்னர் ஹான்ஸின் ‘கிரிப்ஸ்ஹுண்டன்’ கப்பல், 1495ல் ஸ்வீடனின் ரோன்னபி அருகே தீப்பிடித்து மூழ்கியது. அதில் கிடைத்த மிளகு, இஞ்சி, கிராம்பு, குங்குமப்பூ பற்றி லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ல் கட்டுரை வெளியிட்டார்கள். குங்குமப்பூவில் வாசனைகூட மிச்சம் இருந்ததாம்!

இங்கே வருஷத்தைக் கவனிக்கணும். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே, வியாபாரிகள் கைமாறிக் கைமாறி, மிளகு வடக்கு ஐரோப்பா வரை போயிருக்கிறது. ஏடுகளில் இதைப் படிக்கலாம். ஆனால் ராஜா கப்பலின் சரக்கு அறையில் அந்த மிளகையே பார்ப்பது வேறு.

கப்பல் மூழ்கிய நாள் தெரிந்தால், உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் தேதி கிடைத்துவிடும். தங்கத்துக்காகக் கிளறுபவர்கள் முதலில் அழிப்பது இந்தச் சாட்சியைத்தான். எது எதோடு கிடந்தது என்பது ஒருமுறை கலைந்தால் திரும்பக் கிடைக்காது.

நம்ம பக்கக் கடலில்?

இலங்கையின் அம்பாந்தோட்டை அருகே கொடவாயவில், சுமார் 33 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பல் 2,000 ஆண்டுகள் பழமையானது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழையது இதுதான். அதைக் கண்டுபிடித்தது பெரிய ஆய்வுக் கப்பல் எதுவும் இல்லை. கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் உள்ளூர்க்காரர்கள்.

தமிழ்நாட்டில், பூம்புகார் கடலில் 1991ல் தேசிய கடலியல் நிறுவனம் நடத்திய ஆய்வில் ஒரு கப்பலின் சிதைவு தெரிந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது ஐரோப்பியக் காலக் கப்பல். அதிலிருந்த காரீயக் கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது.