ஒரு திண்ணைக்குப் பதினாறு பேர்

1822 ஜூன் 25 அன்று சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிப் பரப்பில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அவற்றில் யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களைக் கேட்டார். பழனிக்கு மேற்கே, கரும்புக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் நெய்க்காரப்பட்டி அப்போது மதுரை கலெக்டரின் கணக்கில் வந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானின் கையைவிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது பழனி வட்டாரமும் சேர்ந்தே போயிருந்தது. ஊரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கோயம்புத்தூர் கலெக்டரின் எல்லை. மதுரையிலிருந்து போன கணக்கு 844 பள்ளிகள், 13,781 மாணவர்கள் என்றது; கோயம்புத்தூர்க் கணக்கு 763 பள்ளிகள், 8,206 மாணவர்கள் என்றது. வகுத்துப் பார்த்தால் மதுரையில் பள்ளிக்கு 16 பேர், கோவையில் 11 பேருக்கும் குறைவு. மாகாணம் முழுவதற்கும் மன்றோ கூட்டிச் சொன்ன 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் எடுத்துக்கொண்டால் பள்ளிக்கு 15 பேர். ஆய்வாளர் தரம்பால் இந்தக் கணக்குகளை 1983இல் நூலாக வெளியிட்ட பிறகு, எந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்தார்கள் என்பதைப் பற்றி ஏராளமாக விவாதித்தாயிற்று. ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை மட்டும் அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. கோடை விடுமுறையில் கல்லூரிகள் பள்ளி மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தி, அவர்களுக்குத் துணையாகத் தங்கள் மாணவர்களையே வழிகாட்டிகளாக நிறுத்தும் இந்தக் காலத்தில், கவனிக்க வேண்டியது அந்தப் பதினாறுதான்.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் அவன் சட்டாம்பிள்ளை. அந்தப் பள்ளி நடந்த விதத்தை மிக நுணுக்கமாக எழுதி வைத்தவர், 1823 ஆகஸ்டில் மன்றோவின் கேள்விக்குப் பதில் அனுப்பிய பெல்லாரி கலெக்டர் கேம்பல். காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதினார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி, புகழும் இல்லை இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வோர் அடி கூடுதல். எல்லோரும் வந்து சேர்ந்ததும் படிப்புக்கு ஏற்றபடி பெரும்பாலும் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். கீழ்ப் பிரிவுகளில் ஒரு பங்கு பொறுப்பைச் சட்டாம்பிள்ளைகள் ஏற்றார்கள். மேல் பிரிவை வாத்தியாரே நேரடியாகப் பார்த்தார், ஒரு கண்ணைப் பள்ளி முழுவதன் மேலும் வைத்திருந்தார். முதல் பாடம் மணலில் விரலால் எழுத்துப் பழகுவது. முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பித்து, அதிலேயே தாம் கற்றதையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையைக் கேம்பல் பாராட்டினார்; இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் சொன்னார். பொருள் விளங்காமல் ஒப்பிக்கிறார்கள் என்று குறை சொன்னவரும் அவரேதான் என்பதால், இந்தப் பாராட்டை உபசாரம் என்று ஒதுக்க முடியாது.

16 பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் போதாதா, சட்டாம்பிள்ளை எதற்கு என்று கேட்கலாம். ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. ஒரே திண்ணையில் நேற்று ‘அ’ எழுதத் தொடங்கியவனும் இருந்தான், எண்சுவடியில் பாதியைத் தாண்டியவனும் இருந்தான். புதியவனுக்குத் தேவைப்பட்டது புலமை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எங்கே வழுக்குகிறது என்று பார்த்து, அதே இடத்தில் தானும் போன வருஷம் வழுக்கியது நினைவிருக்கிற ஒருவன். அந்த நினைவு நாற்பது வயது வாத்தியாருக்கு இருக்காது. ஆகவே சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குப் பதிலாள் இல்லை, வாத்தியாரால் செய்ய முடியாத ஒன்றைச் செய்த தனி ஆள் என்பதுதான் என் வாதம். இந்த ஏற்பாடு பலித்த இடங்களிலெல்லாம் கூட்டம் சிறியது, வாத்தியார் கூப்பிடு தூரத்தில் இருந்தார். வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதைப் பெருக்கியவர்கள் எல்லோரும் கெடுத்தார்கள்.

கெடுத்த கதை சென்னை எழும்பூரில் தொடங்குகிறது. 1789இல் அங்கே படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென ஏற்பட்ட அநாதை இல்லத்தை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்த பெல், தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டு, கடைசி வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார் பெல். காரியம் நடந்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் வெளிவந்தது, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் பரவியது. மணலைத்தான் நம்மிடமிருந்து எடுத்தார், சட்டாம்பிள்ளை முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒரு தரப்பு உண்டு. பெல்லும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். சுவரை ஒட்டிய தெருத் திண்ணையில் அன்றாடம் நடந்ததில் மணல் கண்ணில் பட்டது, மணலுக்கு மேலே குனிந்திருந்த பெரிய பையன் கண்ணில் படவில்லை என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆனால் இந்த உரிமை வழக்கில் தீர்ப்புக் கிடைக்காவிட்டாலும் என் வாதத்துக்கு நட்டமில்லை. கடல் தாண்டிய பிறகு அந்த முறைக்கு என்ன ஆயிற்று என்பதே முக்கியம்.

லண்டன் பரோ ரோடு பள்ளியில் இதே போன்ற முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று பறைசாற்றினார். ஆலை நகரங்களின் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு தர இதைவிட வசதியான யோசனை கிடைக்குமா? பணம் கொடுத்தவர்கள் மகிழ்ந்தார்கள். பெல்லின் முறையைப் பின்பற்றி 1811இல் தொடங்கிய சங்கம் நாடெங்கும் பள்ளிகளைத் திறந்தது. (நம் வாத்தியார்களின் பிரம்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவர்கள், லங்காஸ்டர் குறும்புக்காரப் பையன்களைக் கூடையில் போட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.) நூற்றுக்கணக்கான பிள்ளைகள், பத்து வயதுக் கண்காணிப்பாளர்கள், எங்கோ தூரத்தில் மேடைமேல் ஓர் ஆசிரியர். தனக்கே பாதிதான் தெரிந்த பையன் கால்வாசியைக் கடத்தினான். இதைக் கண்டு சலித்த இங்கிலாந்து அரசு 1846இல் வேறு ஏற்பாட்டுக்குப் போனது. பயிற்சி மாணவருக்கு வயது குறைந்தது 13, ஐந்து வருஷப் பயிற்சி, ஆண்டுக்கு 10 பவுனில் தொடங்கி 20 வரை ஏறும் ஊதியம், 25 பிள்ளைகளுக்கு ஒருவர், அவருக்குத் தினமும் தலைமையாசிரியரே ஒன்றரை மணி நேரம் பாடம். கவனித்துப் பார்த்தால், திண்ணையிலிருந்து எடுத்தபோது விட்டுவிட்டுப் போன இரண்டையும், அதாவது சிறிய கூட்டத்தையும் பக்கத்தில் நிற்கும் வாத்தியாரையும், அரை நூற்றாண்டு கழித்துச் செலவழித்துத் திரும்ப வாங்கினார்கள்.

திண்ணையைத் தூக்கி வைத்துப் பேசுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. மதுரைக் கணக்கின் 13,781 பேரில் பெண் பிள்ளைகள் 105. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தலித் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணை ஏறக்குறைய மூடியே கிடந்தது. சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் பெரும்பாலும் வாத்தியாரின் அதிகாரத்துக்கு வால் பிடித்ததுதான். பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவனுக்கு ஒரு நீதி, கொடுக்காதவனுக்கு ஒரு நீதி. இவ்வளவும் உண்மை. அந்தத் திண்ணையைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கற்பிக்கும் முறை ஒன்று, அதில் யாரைச் சேர்த்தார்கள் என்பது இன்னொன்று. பின்னது மாறினால் முன்னது என்ன ஆகிறது என்பதற்கு நம் காலத்திலேயே சான்று இருக்கிறது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் மூடியே கிடந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது, ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்குத் தொலைக்காட்சி பதில் சொல்லாது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. பள்ளி முடிந்த மாலை நேரம், கோயில் மண்டபமோ வீட்டு வாசலோ, ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுக்கப் பிளஸ் டூ தேறியிருந்தால் போதும், எட்டாம் வகுப்பு வரை என்றால் பட்டப்படிப்பு. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். 105 பேர் இருந்த கணக்கிலிருந்து இங்கே வந்து சேர 200 ஆண்டுகள் ஆயின. பயன் என்ன என்றும் அளந்தார்கள்: கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலாளர்கள் ஊர்ப்புறக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது தெரிந்தது, அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளின் பங்கு.

அது தொடக்க வகுப்புகளுக்குச் சரி, கல்லூரிப் பாடத்துக்குப் பொருந்துமா? சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பின் தகுதிச் சுற்றில் 11ஆம் வகுப்பு முடித்தவர்களும் சேரலாம் என்று ஆன பிறகு இது வெறும் ஏட்டளவுக் கேள்வி இல்லை. காணொளியை மட்டும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது உலகம் பார்த்துவிட்ட விஷயம்: எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய திறந்த இணைய வகுப்புகளில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். இதற்கு நேர்மாறாக ஸ்டான்ஃபோர்டு 2020இல் நடத்திய ‘கோட் இன் ப்ளேஸ்’ என்ற இலவச நிரலாக்க வகுப்பில் மாணவர்கள் சுமார் 10,000 பேர், கூடவே தன்னார்வ வழிநடத்துநர்கள் சுமார் 900 பேர். 11 பேருக்கு ஒருவர். மன்றோ காலத்துக் கோவைத் திண்ணையின் கணக்கு. அந்தப் பல்கலைக்கழகம் தன் இளநிலை மாணவர்களையே அறிமுகப் பாட மாணவர்களின் சிறு குழுக்களுக்கு வழிநடத்துநர்களாக வைத்துப் பல ஆண்டுகள் பழகியிருந்ததால்தான் இதைச் சில வாரங்களில் ஏற்பாடு செய்ய முடிந்தது.

நெய்க்காரப்பட்டியில் பிளஸ் ஒன் முடித்த பெண் ஒருத்தி மே மாதத்தில் இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தால் அவளுக்கு எங்கே இடறும் என்று யோசித்தால் வழிகாட்டியின் வேலை விளங்கும். அநேகமாகப் பாடத்தில் இல்லை. கடவுச்சொல் மறந்துபோகும். எந்தக் கோப்பை முதலில் திறப்பது என்று தெரியாது. இரவு 11.59க்கு மூடும் தேர்வை மறுநாள் காலையில் எழுதலாம் என்று நினைத்துவிடுவாள். வீட்டுக்கு ஒரே போன்; அப்பா ஆலைக்கோ சந்தைக்கோ எடுத்துப் போனால் நேரலை போச்சு. பேராசிரியர் ஆங்கிலத்தில் “ஏதாவது சந்தேகமா” என்று கேட்கும்போது நூறு பெயர்களுக்கு நடுவில் வாயைத் திறக்க மாட்டாள். அதையே வாட்ஸ்அப்பில், போன வருஷம் இதே தேர்வைத் தவறவிட்ட அக்காவிடம் “அக்கா, இது என்னங்க்கா கேக்குறாங்க?” என்று கேட்பதற்குக் கூச்சம் இருக்காது. மணலில் விரல் வழுக்கிய இடம் இதுதான்.

கூட்டம் பெரிதாகிவிட்டால் பலிக்காது என்பதற்கு எதிர்ச்சான்றாகப் பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியைச் சொல்வார்கள். அரசுப் பணித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் அந்த மரத்தடி மையத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிமாவட்டங்களிலிருந்தும் பெருங்கூட்டம் வருகிறது. அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள் கைகொடுக்கிறார்கள். மெச்சத்தக்க முயற்சி. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தாமாகப் பஸ் ஏறி வந்த பெரியவர், எந்தத் தேர்வு, என்ன பாடம், எப்போது என்பதெல்லாம் தெரிந்தவர். கல்லூரி என்றால் என்ன என்றே வீட்டில் யாரும் சொல்லியிராத பதினாறு வயதுக்காரியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வழிகாட்டும் மாணவர்களிடம் இலவச உழைப்பு வாங்குகிறார்கள் என்ற இன்னொரு குறையில் நியாயம் அதிகம். சொல்லிக் கொடுப்பவரும் கற்கிறார் என்று கேம்பல் சொன்னது உண்மைதான், ஆனால் அதையே சாக்காக வைத்து மாணவர்களிடம் கோடை முழுவதும் சும்மா வேலை வாங்குவது லங்காஸ்டரின் வழி. மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பணி செய்வதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே வைத்திருக்கும் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வழிகாட்டும் வேலையைப் பாடமாகக் கணக்கில் எடுத்து மதிப்பெண் கொடுக்க வேறெங்கும் போய் முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

அடுத்த கோடைக்குத் திட்டமிடும் கல்லூரிகள், எத்தனை ஆயிரம் பேர் பதிந்தார்கள் என்று விளம்பரம் செய்வதற்கு முன்னால், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், அந்த வழிகாட்டி திணறினால் அன்றைக்கே கூப்பிடக்கூடிய ஆசிரியர் யார், வழிகாட்டிக்குக் கொடுக்கும் ஊதியமோ மதிப்பெண்ணோ எவ்வளவு என்ற மூன்றையும் அச்சிட்டு வெளியிடட்டும். முதல் எண் இருபதைத் தாண்டியிருந்தால் பெற்றோர்கள் கேள்வி கேட்க வேண்டும்.