அகழி மேல் நடந்தோம்



மதுரை வெளி வீதிகளில் நடந்திருப்பீர்கள். அது கோட்டை அகழி இருந்த இடம். கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த மனை என்றார். ஊர் விரிந்தது. வேலையை மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்களில் இன்றும் வீதிகள் உண்டு.

கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. ரயிலடியிலிருந்து கோயிலுக்குக் கால்மணி நடை. புது மண்டபத்தில் சட்டை தைக்கக் கொடுத்து, பாடப்புத்தகம் வாங்கி, காய்கறியோடு வீடு திரும்புவோம். பஸ் ஏறியதே இல்லை.

இன்று சித்திரை வீதிகளில் வண்டி கிடையாது, நிம்மதி. ஆனால் அங்கே போய்ச் சேர மாசி வீதியைக் கடக்க வேண்டுமே! போன வாரம் உங்கள் டீச்சரம்மா கையைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றோம். ஒரு ஆட்டோக்காரத் தம்பி இறங்கி வந்து கடத்திவிட்டார்.