குன்னூர் எலிகளின் சாப்பாடு

கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயிக்கு எலி என்றால் வரப்பில் வளை தோண்டி, முற்றிய கதிரை இழுத்துப் போகும் எதிரி. வளையை வெட்டி எலி பிடிக்க இருளர்களைக் கூப்பிடுவது பழைய வழக்கம்; மருந்து வைப்பது புது வழக்கம். அந்த எலிக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்த்து, எடை போட்டுக் கணக்கு எழுதிய ஓர் இடமும் இதே தமிழ்நாட்டில்தான் இருந்தது. நீலகிரியில், குன்னூரில்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பட்டது. அதன் ஒற்றை அறையில் 1918இல் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தவர் ராபர்ட் மெக்கரிசன், ராணுவ மருத்துவர். அதற்கு முன் கில்கித் மலைப்பகுதியில் கழுத்துக்கழலையை ஆராய்ந்தவர். அதற்காகத் தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்ட ஆசாமி. அந்த ஒற்றை அறை 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. அதற்கும் அவரே தலைவர். அங்கே அவருக்கு வாய்த்த நோயாளிகள் வெள்ளெலிகள்.

முதலில் நோயில்லாத எலி எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமே! பெரிய கூண்டு, உள்ளே வைக்கோல், தினமும் வெயில், தவறாத சுத்தம். சாப்பாடு பஞ்சாப் சீக்கியர் வீட்டுச் சாப்பாடு: தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தியில் வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட், முட்டைக்கோஸ், பால், வாரம் ஒருமுறை எலும்போடு கறி. இப்படி வளர்ந்த சுமார் 1,200 எலிகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரலில் எப்போதாவது தென்பட்ட நாடாப்புழுக் கட்டியைத் தவிர நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டே கால் வருடத்தில் அந்தக் கூட்டத்தில் ஒரு எலிகூட நோயில் விழவில்லை என்று 1936இல் லண்டனில் நிகழ்த்திய கேன்டர் சொற்பொழிவுகளில் அவர் சொன்னார். எலிக்கு அது ஆயுளின் பெரும்பகுதி.

குறைச்சலான சாப்பாடு போட்ட 2,200க்கும் மேற்பட்ட எலிகளின் கதை வேறு. நிமோனியா, காதில் சீழ், வயிற்றுப்புண், சிறுநீர்ப்பையில் கல், கழலை, முடி உதிர்தல் என்று வார்டு நிறைய வியாதி. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, வெந்த காய் என்று இங்கிலாந்தின் ஏழை வீட்டுச் சாப்பாட்டையும் ஒரு கூட்டத்துக்குப் போட்டார். அவை சரியாக வளரவில்லை. ரோமம் பளபளப்பு இழந்து சிலிர்த்து நின்றது. கை நீட்டிய பணியாளைக் கடித்தன. அறுபதாம் நாள் வாக்கில், தங்களில் நோஞ்சானைக் கொன்று தின்னத் தொடங்கின. எலியின் குணம் மாறுவதையும் நோயின் குறியாக எழுதிவைத்ததுதான் மெக்கரிசனின் கெட்டிக்காரத்தனம்.

நமக்கு உறுத்துகிற பகுதி இனிதான். இந்தியாவின் ஏழு வட்டாரச் சாப்பாடுகளை ஏழு கூட்டத்துக்குப் போட்டு எடை பார்த்தார். சீக்கியர், பத்தான், மராட்டியர் சாப்பாடு முன்வரிசை. கடைசி இடம் ‘மதராசி’ சாப்பாட்டுக்கு. தீட்டிக் கழுவிய அரிசி, பருப்பு, கொஞ்சம் காய், எண்ணெய், தேங்காய், காபி. எண்ணிப் பார்த்தால், அந்தத் தட்டு யாருடையது? அரிசியை மெஷினில் வெள்ளை வெளேரென்று தீட்டிச் சாப்பிட்ட பட்டணத்து வீட்டுக்குப் பொருந்தும். காலையில் கேழ்வரகுக் கூழும் மத்தியானம் களியும் சாப்பிட்டு ஏர் பிடித்த வடஆற்காட்டுக் குடியானவருக்கு அது பொருந்தாது. ‘மதராசி’ என்ற ஒரே சீட்டை ஒட்டி மாகாணம் முழுவதையும் அதற்குள் அடைத்தது, சிலரை மட்டும் ‘வீர இனம்’ என்று பிரித்துப் பார்த்த அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கண்ணோட்டம் என்றே படுகிறது.

அரிசியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில், பி1 குறைந்தால் வரும் பெரிபெரி தலைகாட்டியதும், புழுங்கல் சாப்பிட்ட தமிழ் ஜில்லாக்கள் தப்பியதும் இதனால்தான். நெல் அவித்த பாட்டிமார்களுக்கு யாரும் பட்டம் தரவில்லை.

இன்று ஆசைக்கு வெள்ளெலியோ சுண்டெலியோ வளர்க்கிறவர்கள் பார்க்கும் நோய்க்குறிகளும் ஏறக்குறைய மெக்கரிசன் எழுதிவைத்தவையேதான். சிலிர்த்த ரோமம், கூனிய முதுகு, மூச்சில் கிறீச் சத்தம், எடைக் குறைவு. எலியின் கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் கசிந்தால் ரத்தம் என்று பதறுவார்கள். கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பி விடும் நிறமி அது, உடம்புக்கு ஏதோ ஆகாத சேதி. பூனைக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்த பிராணி, நோயைக் கடைசிவரை மறைக்கும். ஆகவே வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்து எடை எழுதுவது நல்லது. மூச்சு சத்தம் வந்தபின் நாள் கடத்தக் கூடாது. எலிகளின் நுரையீரலில் குடியேறும் மைக்கோபிளாஸ்மாவை டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து அடக்கும், ஒழிக்காது; அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லவேண்டும். மெக்கரிசன் காலத்தில் அந்த மருந்தும் கிடையாது. அவரிடம் இருந்தது சாப்பாடு, வெயில், சுத்தம்.

1935இல் மெக்கரிசன் ஓய்வுபெற, டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு வந்தார். இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்ற பட்டியல் 1937இல் குன்னூரிலிருந்தே வெளிவந்தது. ஆஸ்பத்திரிகளில் உணவுத்திட்டம் போட அதைத்தான் புரட்டினார்கள். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அந்த ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் இயக்குநரானார். 1958இல் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. பாஸ்டர் நிறுவனம் குன்னூரிலேயே இருந்துவிட்டது.