கருமணல் மீது ஒரு கொலைப்பழி!

கன்னியாகுமரிக்குப் போனால் என்ன செய்வீர்கள்? விடியற்காலையில் எழுந்து சூரிய உதயம் பார்ப்பீர்கள். படகேறி விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போவீர்கள். சங்கு, பாசிமணி, பாக்கெட்டில் அடைத்த கலர் மணல் எல்லாம் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். அவ்வளவுதானே?

அடுத்த தடவை போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, வடகிழக்கே ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வட்டக்கோட்டைக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்காக டச்சுக்காரர் டிலனாய் கட்டிக்கொடுத்த கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர், பிடித்த ராஜாவுக்கே தளபதியான கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருங்கல் சுவர்களோடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது கோட்டை.

நான் உங்களைக் கூப்பிடுவது கோட்டையைப் பார்க்க அல்ல. அதன் காலடியில் கிடக்கும் மணலைப் பார்க்க.

கரேலென்று இருக்கும். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சாதா மணலைவிடக் கனமாகத் தெரியும். குமரிக் கடற்கரை முழுக்க இந்தக் கதைதான். கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்பு, கார்னெட். இவற்றோடு தேன் நிறத்தில் கலந்து கிடக்கும் இன்னொரு சரக்கு, மோனசைட். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமையலுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று ஊரில் சொல்வார்கள். விஞ்ஞானிகள் சொன்ன கதை வேறு. அதில் இந்த மணல் மீது ஒரு கொலைப்பழியே விழுந்தது!

முதலில் மணல் எப்படி விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது என்று பார்த்துவிடுவோம்.

1909. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது! அப்போது ஐரோப்பாவில் தெருவிளக்குகள் எல்லாம் கேஸ் விளக்குகள். அவற்றின் மேன்டில் பளீரென்று எரிய, 99 சதவிகிதம் தோரியம் ஆக்ஸைடும் 1 சதவிகிதம் சீரியம் ஆக்ஸைடும் வேண்டும். (நம்மூர் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலும் இதே ஜாதிதான்.) மோனசைட்டில் இரண்டுமே உண்டு. விடுவாரா மனிதர்? அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது.

தோரியம், சீரியம் என்ற இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

*

இப்போது அப்படியே ஆப்பிரிக்காவுக்குத் தாவுவோம். உகாண்டா, கம்பாலா. டேவிஸ் என்ற நோயியல் மருத்துவர், இறந்தவர்களின் இதயங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சில இதயங்கள் விநோதமாக இருந்தன. வழவழப்பாக இருக்க வேண்டிய உட்சுவரில் வெள்ளைவெளேரென்று தோல் மாதிரி ஒரு தடிப்பு. கீழறையின் அடிப்பகுதியே அடைபட்டுக் கிடந்தது. 1948-ல் இதை எழுதி வெளியிட்டார். நோய்க்குப் பெயர் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். வாயில் நுழையவில்லையா? டாக்டர்களுக்கும் அதே கஷ்டம்தான். இ.எம்.எஃப். என்று சுருக்கிவிட்டார்கள்.

இதயம் சுருங்குவதில் பெரிய பிரச்னை இல்லை. விரிவதில்தான் பிரச்னை. சுவர் இறுகிவிட்டதால் உள்ளே ரத்தம் நிரம்ப இடமில்லை. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். கை கால் குச்சி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானை. காலில் பெரிதாக வீக்கம்கூட இருக்காது. வந்தவர்களில் பலர் குழந்தைகள், இளவட்டங்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

பிறகு நைஜீரியா, ஐவரி கோஸ்ட், மொசாம்பிக், பிரேசில் என்று வரிசையாகத் தகவல்கள் வந்தன. 1960-களுக்குள் நம் பக்கமும் வந்துவிட்டது. இந்தியா இவ்வளவு பெரிய நாடு. ஆனால், நோயாளிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குவிந்திருந்தார்கள். கேரளாவில்!

ஏன் கேரளா? இங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

*

முதலில் கூண்டில் ஏற்றப்பட்டது யார் தெரியுமா? வாழைப்பழம்! சிரிக்காதீர்கள். உகாண்டாவில் வாழைக்காய்தான் சாப்பாடு. வாழையில் செரட்டோனின் என்ற ரசாயனம் ஏராளம். உடம்பில் செரட்டோனினைச் சுரக்கும் ஒருவகைக் கட்டி வந்தவர்களுக்கு இதயத்தின் வலது பக்கம் தடித்துப்போவது ஏற்கெனவே தெரிந்த விஷயம். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். 1960-களில் கினிப் பன்றிகளுக்கு வாழையாகக் கொடுத்து, இதயத்தில் தழும்பு வந்ததாகவும் காட்டினார்கள். ஆனால், மனிதர்கள் சாப்பிடும் செரட்டோனினை உடம்பே சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. போதாததற்கு, இ.எம்.எஃப். இடது பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. வழக்கு நிற்கவில்லை. ஏத்தன்பழம் தின்றே வளர்ந்த நாகர்கோவில்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம்.

அடுத்த குற்றவாளி, புழு. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. வயிற்றில் புழுவோ, யானைக்கால் கிருமியோ புகுந்தால் இவை படையெடுத்துப் பெருகும். பெருகிய படை, எதிரியை மட்டும் அடிப்பதில்லை. அதன் விஷப் புரதங்கள் இதயத்தின் உட்சுவரையும் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு. சுவிட்சர்லாந்தின் லோஃப்லர் என்ற டாக்டர் 1936-லேயே, ஈசினோஃபில் எக்கச்சக்கமாக ஏறியவர்களின் இதயம் இப்படி இறுகியதை எழுதிவைத்திருந்தார். கேரளக் கடற்கரையிலோ யானைக்காலுக்குப் பஞ்சமே இல்லை. பொருத்தமாகத்தானே இருக்கிறது?

இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, ஆஸ்பத்திரிக்கு வந்த பலருக்கு ஈசினோஃபில் எண்ணிக்கை சாதாரணமாகவே இருந்தது. 'அவர்கள் நோய் முற்றிப்போய் வந்திருக்கிறார்கள். நெருப்பு அணைந்தபிறகு வந்து புகை எங்கே என்று தேடினால் எப்படி?' என்றது புழுக் கட்சி. நியாயமான பதில். ஆனால், இரண்டாவது கேள்வி கஷ்டமானது. யானைக்கால் பீகாரிலும் ஒரிசாவிலும்தான் இருக்கிறது. அங்கெல்லாம் ஏன் இந்த நோய் இப்படிக் குவியவில்லை?

மூன்றாவதாக மாட்டிக்கொண்டது மரச்சீனி. மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. 1880-லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா அரிசி நின்றுபோனதும், திருவிதாங்கூரில் மரச்சீனிதான் பல வீட்டு உலையைக் காப்பாற்றியது. மரச்சீனியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. கூடவே சாளை மீன்கறி இருந்தால் கவலையில்லை. மீன் வாங்கக் காசில்லாத வீட்டில்? 1996-ல் உகாண்டாவில் குரங்குகளுக்குப் புரதம் குறைந்த மரவள்ளி உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, இதயத்தில் இ.எம்.எஃப். சாயலில் மாற்றங்கள் தெரிந்தன. ஆனால், மரவள்ளி தின்னும் கோடிக்கணக்கான ஏழைகளில் ஒரு சிறு பங்குக்குத்தானே நோய் வந்தது?

*

இந்தச் சமயத்தில்தான் நம்முடைய கருமணல் மேடையேறுகிறது. ஏற்றியவர் சாதாரண ஆள் இல்லை. டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முதல் இயக்குநர், இதய அறுவை நிபுணர். 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட 'சித்ரா' செயற்கை வால்வுக்குப் பின்னால் இருந்தவர்.

இ.எம்.எஃப். நோயாளிகளின் இதயத்தைத் திறந்து, இறுகிப்போன உட்தோலை உரித்தெடுக்கும் ஆபரேஷனை அவர் செய்துவந்தார். பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. ஒவ்வொரு இதயத்தைத் திறக்கும்போதும் அவரைக் குடைந்த கேள்வி, 'இது எங்கிருந்து வருகிறது?'

1980-களில் அவரும் டாக்டர் கார்த்தாவும், பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளோடு சேர்ந்து நோயாளிகளின் இதயத் திசுவை ஆராய்ந்தார்கள். மற்ற இதயங்களைவிட இவற்றில் அதிகமாக இருந்த இரண்டு தனிமங்கள்... தோரியம், சீரியம்! மோனசைட்டின் கைரேகை.

வலியத்தான் சொன்ன கணக்கு இதுதான். மோனசைட் கலந்த மண்ணில் விளையும் கிழங்கு வழியாக சீரியம் உடம்புக்குள் போகிறது. நல்ல ஊட்டத்தோடு இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பசியில் வாடி, மக்னீசியம் குறைந்துபோன பிள்ளைக்கு மட்டும் சீரியம் இதயத்தில் தங்கித் தழும்பைக் கிளப்புகிறது. கதிர்வீச்சு என்று பயந்துவிடாதீர்கள், சீரியம் செய்ததாகச் சொல்லப்படுவது ரசாயன வேலை. எலிகளுக்கு மக்னீசியத்தைக் குறைத்து சீரியத்தைக் கொடுத்தபோது இதயத்தில் தழும்பு வந்தது. மண், கிழங்கு, பட்டினி மூன்றும் ஒரே நூலில் கோக்கப்பட்டன. அழகான கணக்கு!

எதிர்க்கேள்விகளும் வந்தன. எலிக்கு வந்த தழும்பு, மனிதனுக்கு வரும் அளவுக்குக் கனமானது இல்லையே? இதயத்தில் சீரியம் இருப்பது நோய்க்குக் காரணமா, அல்லது ஏற்கெனவே கெட்டுப்போன திசுவில் அது வந்து படிந்ததா? திருட்டு நடந்த வீட்டில் ஒருவன் கைரேகை கிடைத்தால் அவன் வந்துபோனான் என்று தெரியும். அவன்தான் திருடினான் என்று தெரியுமா?

இதெல்லாம் டாக்டர்களின் வறட்டு வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் புழு என்றால், தீர்வு ஒரு மாத்திரை. பட்டினி என்றால், ரேஷன் அரிசியும் முட்டையும். மண்தான் காரணம் என்றால்? தலைமுறை தலைமுறையாக அந்த மணல்மேல் வீடு கட்டி வாழ்பவர்களிடம் என்ன சொல்வீர்கள், எழுந்து போ என்றா?

*

இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போதே விசித்திரம் ஒன்று நடந்தது. நோய், சொல்லாமல் கொள்ளாமல் நழுவ ஆரம்பித்தது!

1980-களுக்குப் பிறகு கேரளாவில் புதிய நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள். குழந்தைகள் வருவது அரிதாகி, நடுத்தர வயதுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் தென்பட்டார்கள். 2009-ல் ஸ்ரீசித்திராவின் டாக்டர் சிவசங்கரன் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தலைப்பிலேயே இதை மறைந்துவரும் மர்மம் என்றது.

மணல் போகவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது. மரச்சீனியும் மறையவில்லை. பிறகு எது மாறியது? ரேஷன் அரிசி வந்தது. வீட்டுக்குக் கக்கூஸ் வந்தது, காலுக்குச் செருப்பு வந்தது, பூச்சி மாத்திரை வந்தது. மீனும் முட்டையும் தட்டில் ஏறின. 'பார்த்தீர்களா, புழுதான்' என்று ஒரு கட்சி சொல்லலாம். 'பட்டினி போனதால் சீரியத்தின் பல் பிடுங்கப்பட்டது' என்று வலியத்தான் கட்சியும் சொல்லலாம். எல்லா மாற்றமும் சேர்ந்தே வந்ததால், எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சீனாவில் நடந்த ஒரு கதை இங்கே உதவும். 1935-ல் அங்கே கேஷான் என்ற வட்டாரத்தில் இதய நோய் ஒன்று ஊரையே வாரிக்கொண்டு போனது. மண்ணில் செலீனியம் என்ற சத்து இல்லை என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். 1970-களில் குழந்தைகளுக்கு செலீனிய மாத்திரை கொடுத்தார்கள், நோய் அடங்கியது. மண்தான் காரணம், கேஸ் முடிந்தது என்று நினைத்தால், இல்லை! செலீனியக் குறை வருடம் முழுக்க இருக்க, நோய் மட்டும் ஏன் ஏறி ஏறி இறங்கியது? காக்ஸாக்கி என்ற வைரஸும் கூட்டாளி என்று தெரியவந்தது. 1990-களில் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், செலீனியம் குறைந்த உடம்புக்குள் புகுந்த சாது வைரஸ் மாறி, முரடனாக வெளியே வந்தது. மண் மட்டும் கொல்லவில்லை. கிருமி மட்டும் கொல்லவில்லை. பசித்த உடம்பில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

இ.எம்.எஃப். விஷயத்திலும் இப்படியொரு கூட்டணி இருந்திருக்கலாம் என்பதுதான் இன்று பலருடைய எண்ணம். ஆனால், தீர்ப்பு வரவில்லை. கேரளாவை விட்டுப் போன நோய், உலகத்தை விட்டுப் போகவும் இல்லை. 2008-ல் வெளியான ஆய்வில், மொசாம்பிக்கின் கடலோரக் கிராமப் பகுதியில் 1,063 பேரின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 211 பேருக்கு இ.எம்.எஃப். இருந்தது. ஐந்தில் ஒருவர்! அவர்களில் பெரும்பாலானோருக்கு அப்போது அறிகுறியே இல்லை.

வலியத்தான் 2024-ல் காலமானார், தான் போட்ட வழக்கின் தீர்ப்பைக் கேட்காமலே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாழைக் கட்சி தவிர்த்து, புழு, மரச்சீனி, மணல் என்று யார் கட்சியை எடுத்துக்கொண்டாலும் குற்றப்பத்திரிகையில் ஒரு பெயர் பொதுவாக இருக்கிறது. வறுமை. சாட்சிகள்தான் மாறினார்கள்.

வட்டக்கோட்டைக்குப் போனால் அந்தக் கருமணலை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பயப்பட வேண்டாம், இன்னும் அது குற்றவாளி இல்லை. சந்தேகத்தின் பேரில் நிற்க வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.