மீண்டும் டிரம்ஸ் வாசிக்க ஆசையா? எந்தக் காலத்து செட் யாருக்குப் பொருந்தும்?

திருமண விருந்திலும் திருவிழா மேடையிலும் மெல்லிசைக் குழுக்களுக்கு டிரம்ஸ் வாசித்துவிட்டு, வேலை, குடும்பம் என்று குச்சியைக் கீழே வைத்தவர்கள் நம்மிடையே பலர். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த ஆசை திரும்பும்போது, இளமையில் கைக்கு எட்டாத பழைய செட் ஒன்றை வாங்கும் எண்ணமும் கூடவே வருகிறது.

சேமநிதிப் பணத்தில் கைவைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழையது எல்லாம் ஒரே ரகம் அல்ல. ஒவ்வொரு பத்தாண்டின் டிரம்முக்கும் தனி ஓசை, தனி எடை, தனித் தொல்லை இருக்கின்றன.

1950கள்: கன்றுத்தோல் காலம்

1950களின் பின்பகுதி வரை டிரம்முக்குக் கன்றுத்தோல்தான். மிருதங்கம், தவில் வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதை இது: ஈரக் காற்றில் தோல் தளரும், வெயிலில் இறுகும். அமெரிக்காவில் ரெமோ நிறுவனம் 1957-ல் தொடங்கி பிளாஸ்டிக் தோலைப் பரப்பிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. இக்காலத்துச் செட்கள் சேகரிப்பாளர்களுக்கு ஏற்றவை. வாரம் ஒருமுறை நண்பர்களோடு வாசிக்க நினைப்பவருக்கு அல்ல.

1960கள்: இதமான ஓசை, இலேசான இரும்பு

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ரிங்கோ ஸ்டார் வாசித்தது லட்விக் செட். அதன் பிறகு லட்விக்குக்கு வந்த கிராக்கி சொல்லி மாளாது. அக்கால லட்விக் டிரம்மின் மரக்கூடு மூன்று அடுக்கு மெல்லிய மரத்தால் ஆனது. உள்ளே விளிம்பு ஓரமாக வலுவூட்டும் மரவளையம் ஒட்டப்பட்டிருக்கும். விளிம்பு உருண்டையாக இருப்பதால் ஓசை இதமாக, சற்றுக் குறுகி ஒலிக்கும்.

20 அங்குல பேஸ் டிரம், 12 அங்குல டாம், 14 அங்குல ஃப்ளோர் டாம் கொண்ட சிறிய செட்டும், 22, 13, 16 அளவிலான பெரிய செட்டும் அப்போது பெயர்பெற்றவை. ஸ்டாண்டுகள் இலேசானவை. இடுப்புவலி உள்ளவருக்கும் மாடிப்படி ஏறுபவருக்கும் இது பெரிய வசதி. பலமாக அடித்தால் ஸ்டாண்டு ஆடும் என்பது மறுபக்கம்.

இங்கிலாந்தின் பிரிமியர் டிரம்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 1960களின் இறுதி வரை அதன் அளவுகள் சற்று வேறுபட்டவை. இன்று கடையில் கிடைக்கும் தோல் அந்த டாம்களில் சரியாக உட்காராது. திருகாணிகளின் மரையும் தனி. விலை குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அதே காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல பெயர்களில் மலிவு டிரம்களை ஏற்றுமதி செய்தன. தொழிற்சாலை ஒன்றாக இருந்தாலும் பெயர்ப்பட்டை வேறாக இருக்கும். பெரும்பாலும் ‘பிலிப்பைன் மஹோகனி’ எனப்படும் லவான் மரம், அதாவது நாம் அறிந்த மெராந்தியின் உறவு. ஓசை மோசமில்லை, ஆனால் இரும்புப் பாகங்கள் மெலிந்தவை. இவற்றை ‘அரிய பழம்பொருள்’ என்று யாராவது விலை ஏற்றிச் சொன்னால் விலகிக்கொள்ளலாம்.

1970கள்: ஜப்பான் முந்திய காலம்

ராக் இசைக்குச் சத்தம் தேவைப்பட்டது, டிரம்கள் பெரிதாகின. லட்விக் நிறுவனம் விஸ்டாலைட் என்ற கண்ணாடி போன்ற அக்ரிலிக் செட்டைக் கொண்டுவந்தது. லெட் செப்பெலின் குழுவின் ஜான் பான்ஹம் 26 அங்குல பேஸ் டிரம்முடன் அதை வாசித்தார். அக்ரிலிக்கில் திருகாணி ஓட்டைகளைச் சுற்றி விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

டாமா என்ற பெயர் 1974-ல் சந்தைக்கு வந்தது. 1970களின் நடுவில் யமஹா தந்த ஒய்டி-9000 வகை பின்னர் ‘ரெக்கார்டிங் கஸ்டம்’ எனப் புகழ்பெற்றது. பிர்ச் மரத்தால் ஆன இதன் ஓசை தெளிவாக, தேவையற்ற அதிர்வின்றி ஒலிப்பதால் ஒலிப்பதிவுக் கூடங்கள் விரும்பின.

1980கள்: கனமும் உறுதியும்

1982-ல் வந்த பெர்ல் எக்ஸ்போர்ட், உலகில் மிக அதிகமாக விற்ற டிரம் வகைகளில் ஒன்று. இரட்டைக் கால் ஸ்டாண்டுகள் பரவின. அசையாது, ஆனால் தூக்கினால் தோள் பேசும். டாம்களின் ஆழமும் கூடியது. 12 அங்குல டாமுக்கு முன்பு 8 அங்குல ஆழம் வழக்கம். ‘பவர் டாம்’ வந்தபோது 10 அங்குலமானது. ஆழம் கூடினால் டாமை உயர்த்தி வைக்க வேண்டும். கையும் உயர வேண்டும். தோள்வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நம் வெப்பத்தில் என்ன பார்க்க வேண்டும்?

தோலைக் கழற்றாமல் பழைய டிரம்மை வாங்கக் கூடாது. கழற்றியபின் பார்க்க வேண்டியவை:

• சமமான கண்ணாடி மேசையில் மரக்கூட்டைக் கவிழ்த்து, உள்ளே கைவிளக்கை எரியவிட வேண்டும். விளிம்புக்கடியில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமில்லை.
• குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். இல்லையென்றால் வட்டம் கெட்டுவிட்டது, சுருதி நிற்காது.
• உள்வளையம் பசை விட்டிருக்கிறதா, மரத்தில் சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் உள்ளனவா? தூள் இருந்தால் மரத்தைப் பூச்சி அரிக்கிறது.
• கூடுதல் ஓட்டைகள் இருந்தால் பாகங்கள் மாற்றப்பட்டவை. விலை குறைய வேண்டும்.
• குரோம் பூச்சில் புள்ளி விழுவது ஓசையைக் கெடுக்காது. பேரம் பேச உதவும்.

முடிவாக

மீண்டும் தொடங்கும் பெரும்பாலோருக்கு 1970களின் பிற்பகுதி, 1980களின் ஜப்பானியச் செட்களே பொருத்தம். இன்றைய தோல் பொருந்தும், உதிரிபாகம் கிடைக்கும், ஸ்டாண்டு தாங்கும். மெல்லிய வாசிப்பு, சிறிய வீடு, சிறிய கார் என்றால் 1960களின் 20 அங்குலச் செட்டைத் தேடலாம். அந்த இரும்பு பிடிக்காவிட்டால், இன்றைய இலேசான ஸ்டாண்டுகளை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரமாவது உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடித்த செட்டை முதுகும் ஏற்க வேண்டுமே. காதடைப்பான் கட்டாயம், போன செவித்திறன் திரும்பாது. வீட்டுச் சாமான் அறையில் சொந்தப் பழைய செட் தூசி படிந்து கிடந்தால், முதலில் அதன் தோலை மாற்றிப் பார்க்கலாம். பலருக்குத் தேவையான செலவு அவ்வளவுதான்.